பதினேழாம் நம்பர் நாற்காலி

அவளுக்குத் தீக்குச்சி என்று பேர் வைத்தவர் எக்ஸ்ரே அறைக்காரர். ஒல்லி உடம்பு, உச்சந்தலையில் உருண்டைக் கொண்டை, உரசினால் பற்றிக்கொள்ளும் சுபாவம். மூன்றும் பொருந்திப்போனதால் ஒரே வாரத்தில் அந்தப் பேர் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவி அவள் காதுக்கும் வந்து சேர்ந்தது. எக்ஸ்ரே அறை வாசலில் போய் நின்று, "உரசாம இருந்தா நான் எதுக்கய்யா பத்திக்கப் போறேன்?" என்று கேட்டுவிட்டு வந்தாள். அதன்பிறகு முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

இருபத்திரண்டு வருஷம் மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தவளை, ஐம்பத்து மூன்றாம் வயதில் சாமான் ஸ்டோருக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். கட்டில், மெத்தை, ஸ்ட்ரெச்சர், ஊன்றுகோல், சக்கர நாற்காலி எல்லாம் இனி அவள் கையில். ஓய்வு பெற்றுப் போகிற பழைய ஸ்டோர்காரர் கொத்துச் சாவியையும் தலையணை கனத்துக்கு ஒரு ரிஜிஸ்டரையும் நீட்டி, "எல்லாம் ஏட்டுல சரியா இருக்கும்மா, நீ ஒண்ணும் போய்ப் பாக்க வேண்டாம்" என்றார். பார்க்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் அவளுக்கு அதைப் பார்த்தே ஆகவேண்டும்.

ஏட்டில் சக்கர நாற்காலி நாற்பது என்று இருந்தது. ரிஜிஸ்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கீழ்த்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை இரண்டு நாள் நடந்தாள். ஒரு நாற்காலி ரெக்கார்டு அறையில் பழைய கோப்புகளைச் சுமந்துகொண்டிருந்தது. இன்னொன்று சமையலறைப் பின்கட்டில் உருளைக்கிழங்கு மூட்டைக்கு ஆசனமாக இருந்தது. மாடிப்படிக்கு அடியில் மூன்று, ஒன்றின் மடியில் ஒன்றாக. இரண்டுக்குச் சக்கரமே இல்லை, செங்கல் மேல் நின்றன. பின்வாசல் காவலாளி ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "இது எந்தப் பக்கமும் நகராதும்மா. அதான் இதுல ஒரு வசதி" என்றார். கடைசியில் தள்ளினால் உருண்டவை பதினொன்று.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று முனகிக்கொண்டே மேனேஜர் அறைக்குப் போனாள். மேனேஜருக்கும் ஒரு பட்டப்பேர் உண்டு: மொத்தத்துல. எதைக் கேட்டாலும் "மொத்தத்துல பாத்தா" என்றுதான் வாயைத் திறப்பார். மூன்றாம் வார்டில் மின்விசிறி ஓடவில்லை என்று சொன்னால், மொத்தத்தில் பார்த்தால் கட்டடம் காற்றோட்டமாகத்தான் இருக்கிறது என்பார்.

"சார், ஏட்டுல நாப்பது. உருளுறது பதினொண்ணு."

"மொத்தத்துல நாப்பது இருக்கில்ல?"

"இருக்கு. ஒண்ணுமேல உருளைக்கிழங்கு உக்காந்திருக்கு."

"சக்கரம் இருக்கு, நாற்காலி இருக்கு. அப்போ அது சக்கர நாற்காலிதானேம்மா?"

"ரெண்டுக்குச் சக்கரமும் இல்ல சார்."

"கழண்டிருக்கும். நாப்பது கைல வெச்சுக்கிட்டு புதுசு வேணும்னு எழுதினா, மேல இருக்கிறவங்க என்னையில்ல கேப்பாங்க?"

"அப்போ செத்தவங்களும் ஆளுங்கதான் சார். பிணவறையில ஏழு பேர் சும்மா படுத்திருக்காங்க. நாளைக்கு வார்டு டியூட்டிக்குப் போடுங்க."

வெளியே டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் சிரிப்பை மறைக்க இருமினாள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவருடைய பதில்.

பேரை எதுவும் உழைத்துத்தான் சம்பாதிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. ஓர் ஆளைச் சுமந்துகொண்டு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனால் அது சக்கர நாற்காலி. அந்த நல்லதை அது செய்கிறவரைக்கும்தான் அந்தப் பேர். செய்யாத அன்றைக்கு அது வெறும் இரும்பு, நாலு குழாயும் ஒரு ரெக்சினும். அன்று சாயங்காலம் புருஷனிடமும் இதையே கேட்டாள். அவர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை போட்டு மாற்றுச்சாவி அறுத்துக் கொடுக்கிறவர். பேச்சு குறைவு.

"திறக்காத சாவியை நீங்க சாவின்னு சொல்லி விப்பீங்களா?"

"வித்தா செருப்பால அடிப்பான்."

"அதைத்தான் நானும் சொல்றேன். அங்க அடிக்க ஆளில்ல."

அடிக்கவேண்டிய நாள் ஒரு மாதத்தில் வந்தது. இடுப்பெலும்பு முறிந்த ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளியை அவருடைய இரண்டு மகள்கள் எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். முதல் தளத்திலிருந்து இறங்கும் சரிவுப் பாதையில் நாற்காலியின் முன்சக்கரம் இறுகிக்கொண்டது. நாற்காலி நின்றது, மனுஷர் நிற்கவில்லை. முகம் தரையில் அடித்து முன்பல் இரண்டு தெறித்தன. தீக்குச்சி அப்போது போர்வைக் கட்டோடு அந்த வழியாக வந்துகொண்டிருந்தாள். சின்ன மகள் சுவரோரம் குனிந்து ஒரு பல்லைத் தேடி எடுத்து, உள்ளங்கையில் வைத்து, இவளிடம் நீட்டினாள்.

"அக்கா, இதைத் திரும்ப வெக்க முடியுமாக்கா?"

இவள் அவரைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து அனுப்பியபின், அந்த நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்து இழுத்துக்கொண்டே இரண்டு மாடி ஏறினாள். அன்று மாதாந்திரக் கூட்டம். பெரிய டாக்டரம்மா நடுவில், மேனேஜர் பக்கத்தில், வார்டு சிஸ்டர்கள் சுற்றிலும் உட்கார்ந்திருந்தார்கள். கதவை முழங்கையால் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

"சார், உக்காருங்க."

"என்னம்மா இது? கூட்டம் நடக்குது."

"மொத்தத்துல இதுவும் சக்கர நாற்காலிதானே? உக்காருங்க. இந்த மேசையைச் சுத்தி ஒரே ஒரு சுத்து. நான் தள்ளுறேன்."

மேனேஜர் டாக்டரம்மாவைப் பார்த்தார், காப்பாற்றுவார் என்று நினைத்து. அந்த அம்மாளோ நாற்காலியின் கைப்பிடியில் அப்பியிருந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உக்காந்துதான் பாருங்களேன்" என்றார்.

மேனேஜர் உட்கார்ந்தார். இவள் தள்ளினாள். நாற்காலி இரண்டடி நேராகப் போய், மூன்றாவது அடியில் இடது பக்கம் திரும்பி, மேசைக்காலில் மோதியது. விழாமலிருக்க அவர் பிடித்த கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. கைப்பிடியை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். புதிய நாற்காலி இருபத்தைந்து வரும். ஆனால் ஒரு நிபந்தனை: மாதக் கடைசிக்குள் பழையதை எல்லாம் பரிசோதித்து, கழிக்கவேண்டியதைக் கழித்து, கட்டடத்தை விட்டு வெளியேற்றியாக வேண்டும். அப்போதுதான் மேலிடத்தில் ஒத்துக்கொள்வார்கள்.

ஜெயித்த கோபத்துக்குத்தான் வேகம் அதிகம். அவள் ஒரு முழுத்தாளில் ஐந்து விதி எழுதி ஸ்டோர் கதவில் ஒட்டினாள். நேராக ஓட வேண்டும். இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும். கைப்பிடி இரண்டும் ஆடாமல் இருக்க வேண்டும். கால்தாங்கி இரண்டு இருக்க வேண்டும். இருக்கை கிழியாமல், சாயாமல், மட்டமாக இருக்க வேண்டும். ஐந்தில் ஒன்று தவறினாலும் வெளியே. உருண்ட பதினொன்றிலும் இந்தக் கணக்கில் தேறியது நாலுதான். தேறாத ஒவ்வொன்றுக்கும் ரிஜிஸ்டரில் 'சக்கர நாற்காலி' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே 'இரும்பு' என்று எழுதினாள். முப்பத்தாறு தடவை எழுதினாள். அப்படி ஒரு திருப்தி அவளுக்கு அந்த வேலையில் அதற்குமுன் கிடைத்ததில்லை.

வீட்டில் அந்த ஐந்து விதியையும் ஒப்பித்துக் காட்டியபோது புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எல்லாப் பூட்டையும் திறக்கிற சாவின்னு ஒண்ணு கிடையாதும்மா. அப்படி ஒண்ணு இருந்தா அது திருடன்கிட்டதான் இருக்கும்" என்றார்.

"தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போங்க" என்றாள்.

பட்டியல் மேலிடத்துக்குப் போனதும் புது நாற்காலிகள் வந்து இறங்கின. கழித்த சாமானை ஏற்றிப்போக லாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆஸ்பத்திரிப் பட்டறையில் வேலை பார்க்கும் வெல்டரும் அவளும் அறை அறையாகப் போய்த் தள்ளிக்கொண்டும் தூக்கிக்கொண்டும் வந்தார்கள். துணி அறைக்குள் பதினேழாம் நம்பர் நாற்காலி இருந்தது. இடது கைப்பிடியை அடியோடு அறுத்திருந்தார்கள். கால்தாங்கி ஒன்றுதான். இருக்கைக்கு மேல் ஒரு பலகை, ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து. ஒரு பிரேக் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. ஐந்தில் நாலு விதிக்கு அது தேறவில்லை.

"அக்கா, இது வந்து..." என்று வெல்டர் இழுத்தார்.

"வந்தும் இல்ல, போயும் இல்ல. உனக்கு ஒண்ணு பாவம், எனக்கு ஒண்ணு பாவம்னு ஆளுக்கொண்ணை விட்டுவெச்சா, மறுபடி நாப்பதுதான் நிக்கும். ஏத்து தம்பி."

ஏற்றினார்.

திங்கட்கிழமை காலையில் அந்த நாற்காலியின் ஆள் வந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் மடிப்பம்மா. பத்து வருஷத்துக்கு முன் ஒரு விபத்தில் வலது கால் தொடையோடு போய், இடுப்பு கோணிப்போய், இதே ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் கிடந்தவள். குணமானபின் போக்கிடமில்லாமல் வார்டுத் துணிகளை மடித்துக் கொடுக்க ஆரம்பித்து, அதுவே வேலையாகிவிட்டது. ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கைவிரிப்பு, அதற்குமேல் தலையணை உறை. தினமும் தங்கை புருஷன் தன்னுடைய சரக்கு வேனில் வாசலில் கொண்டுவந்து விடுவார். காவலாளி துணி அறையிலிருந்து பதினேழை உருட்டிக்கொண்டு போய் அவளை ஏற்றிவருவார்.

அன்று காவலாளி உருட்டிக்கொண்டு போனது பளபளவென்ற புது நாற்காலி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது.

மடிப்பம்மா அதில் உட்கார்ந்து துணி அறை வரைக்கும் வந்தாள். மேசைக்குப் பக்கத்தில் போனதும் கைப்பிடி மேசை விளிம்பில் முட்டியது. அதற்குமேல் கிட்டே போக முடியவில்லை. விரிப்பை எட்டி இழுக்கும்போதெல்லாம் மட்டமான இருக்கையில் அவள் கோணல் இடுப்பு ஒரு பக்கமாக வழுக்கியது. ஒரு மணி நேரத்தில் பதினொரு விரிப்பு மடித்தாள். பன்னிரண்டாவதை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டோர்க்காரியைக் கூப்பிடச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

தீக்குச்சி முகம் மலர்ந்துதான் வந்தாள். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டாள்.

"எப்படி இருக்கு புது வண்டி?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. என்னோடது எங்க?"

"அதைக் கழிச்சாச்சு. இது அதைவிட நல்லது. பிரேக் பாருங்க, சும்மா கல்லு மாதிரி..."

"நல்லதுன்னா யாருக்கு?"

"இதென்ன கேள்வி? எல்லாருக்கும்தான்."

"எல்லாரையும் கூப்பிடு. வந்து மடிக்கட்டும்."

தீக்குச்சிக்குச் சுருக்கென்று ஏறியது. "ஒரு கைப்பிடி இல்ல, ஒரு கால் இல்ல, சாஞ்சு கிடந்துச்சு. அதை ஒரு நாற்காலின்னு..."

"எனக்கும்தான் ஒரு கால் இல்ல. நானும்தான் சாஞ்சு கிடக்கேன். என்னையும் லாரியில ஏத்திருக்கலாமே? அதுல ஒரு கைப்பிடி ஏன் இல்லன்னு யார்கிட்டயாவது கேட்டியா? மேசைகிட்ட போறதுக்கு அறுத்தது. பலகை ஏன் சாஞ்சிருக்கு? என் இடுப்பு சாஞ்சிருக்கு. பத்து வருஷமா அரைக்கால் அங்குலம் அரைக்கால் அங்குலமா வெல்டர் தம்பி பாத்துப் பாத்துச் செஞ்சது. நாற்காலியைத் தூக்கிட்டுப் போயிட்டேன்னு நினைச்சியா? என் இடுப்பைத் தூக்கிட்டுப் போயிட்ட."

"புதுசு குடுத்தா அது குத்தமா?"

"கேக்காம எடுத்த பாரு, அது குத்தம்."

இருவருக்கும் குரல் உயர்ந்து, வராந்தாவில் கூட்டம் கூடிவிட்டது. மடிப்பம்மா பன்னிரண்டாவது விரிப்பை மடிக்காமல் கசக்கி எறிந்துவிட்டு, வேனைக் கூப்பிடச் சொல்லி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மேனேஜர் அன்று மத்தியானம் ஸ்டோர் பக்கம் வந்தார். கதவில் இருந்த ஐந்து விதியையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். "மொத்தத்துல நல்ல விதிங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

பட்டறைக்குப் போய் வெல்டரிடம் கத்தினாள். "நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"வாயெடுத்தேன்க்கா. நீங்க பேச விட்டீங்களா?"

அன்று வீட்டுக்கு வந்து கொண்டையை அவிழ்க்காமல், விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள், பத்து நிமிஷம் மூத்தவள். இரட்டைப் பிள்ளைகள். அதே மூக்கு, அதே முழி, காதுக்குப் பின்னால் ஒரே இடத்தில் மச்சம். ஒன்பது வயதில் காய்ச்சலில் அக்கா போய்விட்டாள். துக்கத்துக்கு வந்த பெரியம்மா, அழுதுகொண்டிருந்த அம்மாவின் தோளைத் தட்டி, "அழாத, ஒண்ணு போனா ஒண்ணு அச்சு அசலா இருக்கே. ரெண்டும் ஒண்ணுதானே" என்றாள். அம்மா எழுந்தாள். யாரையும் அதிர்ந்து ஒரு சொல் சொல்லாத அம்மா, தன் சொந்த அக்காளைக் கன்னத்தில் அறைந்தாள். ஒரு தரமல்ல, இரண்டு தரம்.

அக்கா இடது கையால் எழுதுவாள், தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள் என்று வித்தியாசங்களைச் சொல்லிக்கொண்டே இவள் வளர்ந்தாள். அந்த வித்தியாசங்கள் ஒன்றுகூட இல்லாமல் போயிருந்தாலும் அவள் அவளாகத்தான் இருந்திருப்பாள், அந்த இடத்தில் இவளைத் தூக்கி வைத்திருக்க முடியாது. இது இவளைத் தவிர வேறு யாருக்கு இவ்வளவு நன்றாகத் தெரியும்? அப்படித் தெரிந்தவள்தான் இன்றைக்கு ஒருத்தியிடம் போய், இது அதைவிட நல்லது என்று சொல்லியிருக்கிறாள். அம்மா இருந்திருந்தால் மூன்றாவது அறை யாருக்கு விழுந்திருக்கும் என்று நினைத்தபோது, கன்னம் நிஜமாகவே சுட்டது.

மறுநாள் காலை வெல்டரைக் கூட்டிக்கொண்டு காயலான் கடைக்குப் போனாள். ஊருக்கு வெளியே தகர வேலிக்குள் துருப்பிடித்த இரும்பு மலைமலையாகக் கிடந்தது. கடைக்காரர் பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"பதினேழா? நம்பர் பாத்தா நாங்க வெட்டுறோம்? நேத்தே அறுத்து உருக்காலைக்கு அனுப்பியாச்சு. உங்களுக்கு நாற்காலிதானே வேணும்? அதோ ஒண்ணு கிடக்கு பாருங்க, அதைவிட நல்லதாவே..."

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் வேலி மேலிருந்த காக்கை பறந்தது. கடைக்காரருக்கும் கோபம் வந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து முகத்துக்கு நேரே ஆட்டினார். "இங்க என்ன எழுதியிருக்கு? இரும்பு. முப்பத்தாறு உருப்படி இரும்பு. கையெழுத்து யாருது? என்னோடதா?"

அவளுடையதுதான்.

வெயிலில் இரண்டு மணி நேரம் கிளறினார்கள். இரும்பில் ஒன்றும் மிஞ்சவில்லை. மரம் உருக்காலைக்கு ஆகாதென்று ஒதுக்கிப்போட்ட குவியலில், அந்தச் சாய்ந்த பலகை மட்டும் கிடைத்தது. மேலே பழைய விரிப்புத் துண்டுகளை அடுக்கடுக்காக வைத்துக் கையால் தைத்திருந்தாள் மடிப்பம்மா. நடுவில் பத்து வருஷத்துப் பள்ளம்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு மடிப்பம்மாவின் வீட்டுக்குப் போனாள். ஒரே அறை. அடுப்பு தரையில், தண்ணீர்ப்பானை தரையில், சட்டை மாட்டுகிற கொக்கி முழங்கால் உயரத்தில், விளக்கு சுவிட்சைக்கூட ஒயர் இழுத்துக் கீழே இறக்கியிருந்தார்கள். சின்னச் சக்கரம் வைத்த ஒரு மணைப்பலகையில் உட்கார்ந்து, தரையைக் கையால் உந்தி உந்தி மடிப்பம்மா சரசரவென்று போய்வந்தாள். அந்த அறையில் நின்றுகொண்டிருப்பவளுக்குத்தான் எதுவும் எட்டவில்லை, எல்லாவற்றுக்கும் குனிய வேண்டியிருந்தது. தீக்குச்சி தரையில் உட்கார்ந்தாள்.

"மன்னிப்பு கேக்க வந்தியா?"

"கேக்கத்தான் வந்தேன். வர்ற வழியெல்லாம் கோவம் வந்துடுச்சு."

"யார்மேல?"

"எல்லார்மேலயும். முதல்ல என்மேல."

"உன்மேல கோவப்பட முதல் உரிமை எனக்கு. நீ எனக்குப் பின்னாடி வரிசையில நில்லு." பலகையை வாங்கி மடியில் வைத்துப் பள்ளத்தைத் தடவினாள். "மத்ததெல்லாம்?"

"உருக்கிட்டாங்க."

மடிப்பம்மா பலகையை இறக்கி ஓரமாக வைத்தாள். பிறகு பேசினாள். நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், தீக்குச்சி வாழ்நாளில் யாரிடமும் கேட்டிராத வசவெல்லாம் பேசினாள். எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள் அன்று ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. எல்லாம் முடிந்தபின், "நாளைக்குப் பட்டறைக்கு வாங்க. நீங்க சொல்லுங்க, நாங்க அறுக்கிறோம்" என்றாள்.

பதினோரு நாள் ஆயிற்று. புது நாற்காலி ஒன்றை எடுத்து முதலில் இடது கைப்பிடியை அறுத்தார்கள். மடிப்பம்மா ஏறி உட்கார்ந்து, மேசைக்குப் போய்ப் பார்த்து, "இல்ல, இன்னும் கீழ" என்பாள். வெல்டர் மறுபடி அறுப்பார். பிரேக்கை இடம் மாற்றினார்கள், வலது கால்தாங்கியைக் கழற்றினார்கள், பலகைக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்திக் குறைத்து உயர்த்தினார்கள். தீக்குச்சி பக்கத்திலேயே நின்று, கேள்வி மட்டும் கேட்டாள். இப்படியா, இவ்வளவா, இங்கே வலிக்கிறதா? கேட்டுக் கேட்டுச் செய்வது அவளுக்குப் பழக்கமில்லாததால் சாயங்காலமானால் தலைவலி வந்தது.

கடைசி நாளில் மடிப்பம்மா இருபது விரிப்பு மடித்துப் பார்த்தாள். "அது வேற, இது வேற. இதுவும் பரவாயில்ல" என்றாள். அதற்குமேல் ஒரு நல்ல வார்த்தை அவளிடமிருந்து வரவில்லை. தீக்குச்சியும் எதிர்பார்க்கவில்லை.

மேனேஜரின் மெமோ மறுநாள் வந்தது. புத்தம்புதிய அரசாங்கச் சொத்தின் கைப்பிடியை அறுத்துச் சேதப்படுத்தியது ஏன், மூன்று நாளில் விளக்கம் தேவை. அவள் மூன்று நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தாள்: "கைப்பிடி இருந்தவரை அது சேதமாகத்தான் இருந்தது. அறுத்தபின் சரியாகிவிட்டது. நாற்காலியில் உட்காருகிறவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். நான் முதல் தடவை கேட்காமல் செய்த தப்புக்கு மெமோ கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அதற்கு ஏன் கொடுக்கவில்லை?"

டாக்டரம்மாவே கூப்பிட்டு, விதி விதிதானே, சொத்தில் கைவைத்தால் நான் என்ன செய்ய முடியும் என்றார். எழுத்து மூலமான ஒரு கண்டனம் அவள் பணிக்கோப்பில் ஏறியது. வெளியே வந்து கதவை அவள் சாத்திய வேகத்தில் பெயர்ப்பலகை கோணிக்கொண்டது.

ஐந்து விதியை அவள் கிழிக்கவில்லை. அதைக் கிழித்தால் உருளைக்கிழங்கு மூட்டை மறுபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். பல் தெறித்த மனுஷருக்கு அந்த ஐந்தும் வேண்டும். கீழே ஆறாவதாக, மற்றதைவிடப் பெரிய எழுத்தில், 'உட்காருகிறவரைக் கேட்காமல் எதையும் கழிக்கக் கூடாது' என்று எழுதினாள். இந்த ஆறாவது விதியால் வேலை மூன்று மடங்கானது. ஒவ்வொரு நோயாளியிடமும் போய் நின்று, "உக்காந்தா எப்படி இருக்கு, உண்மையைச் சொல்லுங்க" என்று மிரட்டும் தொனியில் கேட்பாள். பயத்தில் நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்களை, பொய் சொல்கிறீர்களே என்று திட்டுவாள்.

ஐந்து வருஷம் கழித்து அவள் ஓய்வு பெற்றாள். வழியனுப்பு விழாவைக் கூட்ட அறையில் வைத்தார்கள். புருஷன் கடையைச் சாத்திவிட்டு, வெளுத்த சட்டை போட்டு, பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். மேனேஜர் எழுந்து ஒரு தாளைப் பிரித்தார்.

"பணியில் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. கடமையே கண்ணானவர். இன்சொல் பேசுபவர். அமைதியே உருவானவர்..."

முதலில் எக்ஸ்ரே அறைக்காரர்தான் வெடித்தார். அப்புறம் சிஸ்டர்கள், வெல்டர், காவலாளி. கூரை அதிரச் சிரித்தார்கள். போன மாதம் லிஃப்ட்காரருக்கும் அதற்கு முந்தின மாதம் சமையல்காரருக்கும் இதே தாளைத்தான் படித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணீர் வரச் சிரித்த கூட்டத்தில் சிரிக்காதவர்கள் இரண்டே பேர், மேனேஜரும் தீக்குச்சியும்.

அவள் எழுந்துபோய் அவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கினாள்.

"யாரைச் சார் சொல்றீங்க? இன்சொல்லா? நானா? இருபத்தேழு வருஷம் உங்க கண்ணுமுன்னாடி நின்னு கத்தியிருக்கேன். அதுகூட உங்களுக்கு ஞாபகமில்லையா?"

"சம்பிரதாயம்மா. மொத்தத்துல எல்லாருக்கும்..."

"எல்லாருக்கும் சொன்னா யாருக்கும் சொல்லலைன்னு அர்த்தம். பேனா குடுங்க."

கொடுத்தார். நின்றபடியே அடித்தாள். இன்சொல் போயிற்று, அமைதி போயிற்று. கடமையே கண் என்பதன் மேல் பேனா ஒரு கணம் தயங்கி, அதையும் அடித்தது. கைப்பிடி அறுத்த தன் நாற்காலியில், கூட்ட மேசையோடு ஒட்டி உட்கார்ந்திருந்த மடிப்பம்மா அங்கிருந்தே கத்தினாள். "ராட்சசின்னு எழுதிக்கோ!"

"நீங்க வாயை மூடுங்க!" என்று தீக்குச்சி திரும்பிக் கத்தினாள்.

தாளில் கடைசியில் ஒரு வரிதான் மிஞ்சியது, ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை என்பது. அதைமட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். மேனேஜர் படித்தார். மரியாதையாகக் கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு புருஷனோடு கிளம்பினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் அவள் கோபம் தணியவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்தத் தாளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.